ஐந்து பூட்டும் இரண்டு கீலும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் பல்துறை அறிவியல் ஆய்வு மையம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், கணினி அறிவியல் ஆகிய ஐந்தும் கைகோத்து மனித குலத்துக்கு உழைக்கும் என்று வாசல் கல்வெட்டில் பொறித்திருக்கிறார்கள். கைகோத்ததை நான் பார்த்ததில்லை. ஐந்து துறைகளும் சேர்ந்து இதுவரை உருப்படியாகச் செய்த ஒரே காரியம், கருவி அறைக் கதவுக்கு ஐந்து பூட்டு போட்டதுதான்.

நான் அந்த மையத்தின் டெக்னீஷியன், நசீம் பானு. வீடு நாகல் நகரில். என்னுடையது பதினொரு மாத ஒப்பந்த வேலை. பதினோராவது மாதம் முடிந்ததும் ஒரு நாள் வீட்டில் உட்காரவைத்துவிட்டு, மறுநாள் புதிதாகச் சேர்ந்தவள் மாதிரி எடுத்துக்கொள்வார்கள். இப்படி ஒன்பது முறை புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். என் அத்தா தோல் பதனிடும் ஆலையிலேயே காலத்தைக் கழித்தவர். அந்த நாற்றத்தில் வளர்ந்தவள் நான். தோல் நாற்றம் நேர்மையானது, நூறடி தள்ளியே தான் இருப்பதைச் சொல்லிவிடும். பேராசிரியர்கள் விஷயத்தில் பக்கத்தில் போன பிறகுதான் தெரியும்.

பூட்டுக் கதைக்கு வருகிறேன். கருவிகள் வாங்க டெல்லியிலிருந்து ஒரு தொகை வந்தது. ஆளுக்கொரு கருவி வாங்கி ஒரே அறையில் வைத்தார்கள். வைத்த அன்றைக்கே, என் கருவியை உன் மாணவன் தொட்டுவிடுவான், உன் கருவி ரிப்பேரானால் என் தலையில் கட்டுவாய் என்று ஆரம்பித்துவிட்டது. அப்போதிருந்த பதிவாளர் ஊரில் ஏதோ கோயிலுக்கு அறங்காவலராக இருந்தவர். உண்டியலுக்கு மூன்று பேரிடம் மூன்று சாவி இருப்பதுபோல் இதற்கு ஐந்து சாவி என்று தீர்ப்புச் சொன்னார். பூட்டுக்குப் பேர்போன ஊர், கேட்க வேண்டுமா? மறுநாளே ஐந்து பித்தளைப் பூட்டு வந்துவிட்டது. உண்டியலைத் திறந்தால் காசாவது இருக்கும்.

மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைகள் திறப்பு நாள். ஐந்து துறைகளின் உதவியாளர்களும் சாவியோடு வருவார்கள். யார் முதலில், யார் அடுத்து என்றெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. போன வாரப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இரண்டு நிமிடத்தில் திறந்துவிட்டு, பதிவேட்டில் ஒரு கிறுக்கல் கிறுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். படிக்காதவர்கள் பூட்டைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரம் அது. படித்தவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அந்த மையத்தில் உண்மையாகவே ஒன்றுக்கு மேற்பட்ட அறிவியலைப் படித்த ஒரே ஜீவன் நாகஜோதி. அய்யலூர் பக்கத்துப் பெண். அப்பா நாச்சிமுத்து ஆட்டு வியாபாரி. தோல் ஆலைக் கழிவு இறங்கிய கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற ஆட்டின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வியாழக்கிழமை தோறும் விடியலில் அய்யலூர் சந்தைக்குப் போவாள். எந்த ஊர் ஆடு, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று விசாரிப்பாள். நாச்சிமுத்து ஆட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள, இவள் கழுத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பாள். தெளிய வைத்த ரத்தநீரைச் சின்னக் குழாய்களில் அடைத்து, விலங்கியல் துறையில் டீக்குப் பால் வைக்கிற பிரிட்ஜின் ஐஸ் தட்டில் உறைந்தபடி காத்திருக்க வைத்து, திறப்பு நாளில் கருவி அறை ஃப்ரீசருக்கு மாற்றுவாள். மூன்று வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு குழாய்கள் சேர்ந்திருந்தன.

அதிலிருக்கும் நொதிகளை அளக்க வேண்டும். உறைந்து கிடக்கிறவரை நொதி பத்திரமாக இருக்கும். ஒரு முறை உருகிவிட்டால் பிறகு எத்தனை முறை உறைய வைத்தாலும் அது வெறும் மஞ்சள் தண்ணீர். அளக்கும் கருவியில் அவளுக்கு நேரம் ஒதுக்குவதற்கே பதினான்கு மாதம் இழுத்தடித்தார்கள். கடைசியில் மே மாதக் கடைசி வாரம் என்று கொடுத்தார்கள். ஜூன் முப்பதோடு அவளுடைய ஆறு வருடப் பதிவுக்காலம் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அந்தக் குழாய்கள் இருந்தால் அவள் டாக்டர் நாகஜோதி, இல்லையென்றால் ஆறு வருடத்தைத் தொலைத்த நாகஜோதி.

மே மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடை மழை அடித்தது. காற்றில் ஒரு மரம் விழுந்து எங்கள் கட்டடத்துக்கு வரும் மின்கம்பியை அறுத்துப்போட்டது. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் போனபோது, வாட்ச்மேன் பாஸ்கல் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"கரண்டு நேத்து ஆறு மணிக்கே போயிருச்சுக்கா. ஈபில கேட்டா சாயங்காலம் ஆகும்ங்கிறாய்ங்க."

"ஜெனரேட்டர்?"

"அதுலருந்து இந்த பில்டிங்குக்கு லயனே இழுக்கலயேக்கா. எந்த டிபார்ட்மெண்டு டீசல் போடுறதுன்னு இன்னும் முடிவாகலயாம்."

பதினைந்து மணி நேரம் ஆகியிருந்தது. ஃப்ரீசரோ பழசு, மூடி ரப்பர் இற்றுப்போனது. அப்போதும் உள்ளே கட்டியாகத்தான் இருக்கும், ஆனால் மதியத்துக்கு மேல் தாங்காது. நாகஜோதிக்குப் போன் போட்டேன். பத்து மணிக்கெல்லாம் ஓடி வந்துவிட்டாள். வரும்போதே ஐந்து துறைத் தலைவர்களுக்கும் போன் செய்திருந்தாள். சனிக்கிழமை உதவியாளர்களுக்கு விடுமுறை, சாவிகள் தலைவர்களின் வீட்டில்.

"எல்லாரும் வாரேன்னுட்டாங்கக்கா. அப்பாவ ஐஸ் வாங்கியாரச் சொல்லிருக்கேன். தொறந்த ஒடனே பூராத்தையும் ஐஸ்ல எறக்கிட்டா தப்பிச்சிரும்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதவைச் சாவியில்லாமல் திறக்க எனக்குத் தெரியும்.

ஐந்து பூட்டும் கதவின் ஒரு பக்கத்தில் தொங்கின. மறுபக்கத்தில் இரண்டு கீல்கள். திறந்த முற்றத்தைப் பார்த்திருந்த அந்தக் கதவைக் காண்ட்ராக்டர் வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாட்டியிருந்தான், அதனால் கீல்கள் இரண்டும் வெளியே இருந்தன. கீலுக்கு நடுவில் கோத்திருக்கும் கம்பியைக் கீழிருந்து தட்டினால் மேலே கழன்று வந்துவிடும். பிறகு கதவை அந்தப் பக்கமாக இழுத்தால் ஒரு ஆள் தாராளமாக நுழையலாம். ஐந்து முனைவர்களில் ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் உள்ளே எலி செத்து நாறியபோது பாஸ்கல்தான் கண்டுபிடித்தான். அதிலிருந்து வாரம் ஒரு முறை நாங்கள் அந்த வழியாகப் போய்க் கூட்டிவிட்டு வருவோம். நோன்புக் காலத்தில் என் சர்பத் பாட்டில்கூட அந்த ஃப்ரீசரின் ஓரத்தில் இருந்திருக்கிறது. மாதம் இரண்டு முறை மட்டுமே திறக்கிற அறை எப்படித் தூசியில்லாமல் இருக்கிறது என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நாகஜோதி மறுபடியும் போனில் ஒவ்வொருவராகத் துரத்திக்கொண்டிருந்தபோது பாஸ்கல் என் பக்கத்தில் வந்தான்.

"தட்டி விட்ருவமாக்கா? ரெண்டு நிமிச வேல."

"இரு. வரட்டும்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் அடுத்ததுதான். ஆனால் அது பெரிய பயம் இல்லை, ஏதாவது ஒரு சாக்குச் சொல்லியிருப்பேன். உண்மை வேறு. ஒன்பது வருடமாக இவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். அந்த ஐந்து பேரும் ஒரே கதவுக்கு முன்னால் வெயிலில் நின்று வியர்ப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பதினொரு மணிக்குள் திறந்துவிடுவார்கள், அதற்குள் என்ன கெட்டுவிடப்போகிறது என்றும் நினைத்தேன்.

முதலில் வந்தது விலங்கியல், பதினொன்றே காலுக்கு. மனிதருக்கு மோகன்குமார் என்று பெயர் இருக்கிறது. ஆனால் இவர்கள் யாரும் தங்களை மனிதராக நினைப்பதில்லை, துறையாகத்தான் நினைக்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். விலங்கியல் வந்து மற்றவர்கள் இல்லாததைப் பார்த்ததும், தான் முதலில் வந்தது கௌரவக் குறைச்சல் என்று பட்டதோ என்னவோ, காருக்குள் போய் ஏசியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அடுத்து வேதியியல் வந்தார். அவரும் காரில் உட்கார்ந்துகொண்டார். தாவரவியல் மேடம் தாடிக்கொம்புக் கோயிலிலிருந்து நேராக வந்தார், நெற்றியில் குங்குமமும் கையில் அர்ச்சனைத் தட்டுமாக. கணினி அறிவியல் பன்னிரண்டரைக்கு. கடைசியில் இயற்பியல், ஒரு மணிக்கு, சாப்பிட்டுவிட்டு.

அதற்குள் நாச்சிமுத்துவும் வந்துவிட்டார். டி.வி.எஸ். வண்டியின் பின்னால் இரண்டு பெரிய ஐஸ் கட்டிகளைச் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தார். நிழலில் இறக்கி வைத்துவிட்டு, கார்கள் நிற்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கண்ணாடி எதுவும் இறங்கவில்லை.

ஐந்து பேரும் கதவுக்கு முன்னால் கூடியது அன்றைக்குத்தான் இரண்டாவது முறை. முதல் முறை திறப்பு விழாவில், அப்போது ரிப்பன் வெட்டியது அமைச்சர். ஆகவே யார் முதலில் என்ற கேள்வி வரவில்லை. இப்போது வந்தது.

நான் பதிவேட்டை நீட்டினேன். அதில் ஒன்று முதல் ஐந்துவரை வரிசையெண் போட்டிருக்கும். விலங்கியல் பேனாவை எடுத்து ஒன்றாம் எண்ணுக்கு நேராகக் கொண்டுபோனார்.

"சார், ஒரு நிமிசம்," என்றார் வேதியியல். "இதுல ஒரு ஆர்டர் இருக்குல்ல? எங்க டிபார்ட்மெண்ட் எழுபத்தெட்டுல வந்தது. நீங்க எண்பத்தஞ்சுல வந்தவங்க."

"உள்ள இருக்கிறது ஆட்டு ரத்தம் சார். ஆடு வேதியியலா?"

"டிபார்ட்மெண்ட் வயச வச்சா பேசுறது?" என்றார் இயற்பியல், பல்லைக் குத்திக்கொண்டே. "ஆள் சீனியாரிட்டியப் பாருங்க. நான் புரொபசராகிப் பதினாலு வருசம்."

"அப்ப லேடீஸ்னா கடைசிதான், இல்லையா?" என்றார் தாவரவியல் மேடம்.

ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதைக்கு அடித்துக்கொள்கிறவர்களைப் பற்றி இவர்கள் கருத்தரங்கில் கட்டுரை வாசித்ததை நான் கேட்டிருக்கிறேன். சாதி மனோபாவம், நிலவுடைமை எச்சம் என்றெல்லாம் வாசித்தார்கள். அங்கே அடித்துக்கொள்கிறவர்களுக்காவது ஒரு பரிவட்டம் கிடைக்கும். இங்கே பதிவேட்டில் ஒரு வரி.

"எல்லாரும் ஒரே நேரத்துல தொறந்துருங்களேன் சார்," என்றாள் நாகஜோதி.

"நீ சும்மா இரும்மா. இது நிர்வாக விஷயம்," என்றார் வேதியியல்.

கணினி அறிவியல்தான் வழி கண்டுபிடித்தார். "ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டு வோட்டிங் வச்சிருவோம், டெமாக்ரடிக்கா இருக்கும்." குரூப் போட்டார். ஐவரும் தலைகுனிந்து போனில் விரலை வைத்தார்கள். முடிவு வந்தது. ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு ஓட்டு விழுந்திருந்தது.

நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரிக்கவில்லை, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டேன். பாஸ்கலும் சிரித்தான். அந்த ஒரு மணி நேரம் நான் அனுபவித்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வது, எந்தெந்த இடத்தில் யார் குரலில் பேசிக் காட்டுவது என்றெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் உச்சியில் காய்ந்தது. இயற்பியலின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாச்சிமுத்துவின் சாக்கிலிருந்து தண்ணீர் ஓடி என் செருப்பை நனைத்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

இரண்டு மணி இருக்கும். நாகஜோதி கத்தினாள். "ஐயோ, தண்ணி வருது!"

கதவுக்கடியிலிருந்து ஒரு கோடாகத் தண்ணீர் வெளியே வந்துகொண்டிருந்தது. ஃப்ரீசரின் பனி உருகி வழிந்து தரையை எட்டி வாசல்வரை வந்துவிட்டது.

அடுத்து நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதுவரை நான் முந்தி, நான் முந்தி என்று நின்ற ஐந்து பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"உள்ள ஏதோ டேமேஜ் ஆயிருக்கு," என்றார் விலங்கியல். பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். "நீங்க எழுபத்தெட்டு சார். நீங்களே மொதல்ல தொறங்க."

"ஆட்டு ரத்தம்னு சொன்னீங்களே, நீங்கதான் சார் தொறக்கணும்."

"மொதல்ல தொறந்தவங்கதான ஆடிட்ல பதில் சொல்லணும்?" என்றார் இயற்பியல். "எதுக்கும் பதிவாளர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கிறது நல்லது. திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"திங்கக்கிழமையா?" என்றாள் நாகஜோதி. அவள் யாரையும் திட்டவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "சார்... மேடம்... சார்..." ஐந்து பேரையும் கும்பிட்டு முடித்தாள்.

அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. அலுவலகத்துக்குள் ஓடி ஸ்க்ரூடிரைவரையும் சுத்தியலையும் எடுத்து வந்தேன். ஐந்து துறைகளையும் விலக்கிக்கொண்டு போய்க் கீழ்க்கீலின் கம்பியை இரண்டு தட்டு தட்டினேன். வந்துவிட்டது. மேல்கீலுக்கு மூன்று. பாஸ்கல் கதவைப் பிடித்து இழுத்தான். ஐந்து பூட்டும் பூட்டியபடியே இருக்க, கதவு திறந்தது.

"யார் பெர்மிஷன்ல பண்றீங்க?" என்று யாரோ கேட்டார்கள். நான் திரும்பவில்லை.

நாகஜோதி உள்ளே பாய்ந்து ஃப்ரீசரின் மூடியைத் தூக்கினாள். உள்ளே குளிர் இல்லை. அட்டைப் பெட்டிகள் ஊறிப் பிரிந்து, குழாய்கள் தண்ணீரில் மிதந்தன. ஒன்றை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளிருந்த மஞ்சள் நீர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். அதுவும் ஓடியது. ஓரத்திலிருந்து, நடுவிலிருந்து என்று பத்துப் பதினைந்து குழாய்கள் எடுத்துப் பார்த்தாள். கடைசியில் எடுத்த குழாயில் மட்டும் ஊசிமுனை அளவு ஒரு பனித்துணுக்கு இருந்தது. அவள் விரல் சூட்டில் அதுவும் கரைந்துபோனது.

"போச்சுப்பா," என்றாள்.

நாச்சிமுத்து ஐஸ் சாக்கைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் ஐந்து கார்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. போவதற்கு வரிசை எதுவும் தேவைப்படவில்லை.

நாகஜோதி கொஞ்ச நேரம் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து என்னிடம் வந்தாள். என் கையிலிருந்த கீல்கம்பியை வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். விரலில் எண்ணெய் ஒட்டியது. ஆராய்ச்சி செய்கிற பெண்ணல்லவா, அதை மூக்கில் வைத்து முகர்ந்தும் பார்த்தாள்.

"துருவே இல்ல. எண்ணெ போட்ருக்கு."

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"எம்புட்டு நாளாக்கா?"

"ரெண்டு வருசமா."

"அப்ப காலைல நான் வந்தப்ப..."

"தெரியும்," என்றேன்.

"பத்து மணிக்குக் கட்டியாத்தான இருந்திருக்கும்?"

"ஆமா."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒப்பந்தம், வேலை, குடும்பம் என்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அந்தப் பொய்யைச் சொல்லக்கூட அவள் எனக்கு இடம் கொடுக்கவில்லை. ஐந்து பேர் வெயிலில் காய்வதைப் பார்க்க நான் நான்கு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். அதற்கான விலையை மூன்று வருடமாக வியாழக்கிழமை விடியலில் எழுந்த இவள் கொடுத்தாள். அந்த ஐந்து பேருக்குப் புத்தி இல்லை. எனக்கு இருந்தது.

கம்பியை அவள் என் உள்ளங்கையில் திரும்ப வைத்தாள். அப்போது நாச்சிமுத்து சாக்கைக் கீழே போட்டுவிட்டு, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்தார். நாங்கள் தாழ்ந்த குரலில் பேசியது எதுவும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

"இம்புட்டுப் பெரிய படிப்புப் படிச்சவுகல்லாம் நின்னாக. நீ ஒருத்திதான் தாயி மனசெறங்கித் தொறந்துவிட்ட," என்றார். "நீ நல்லா இருக்கணும்."

சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அவர் மகளைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் கும்பிட்டு முடிக்கிறவரை அவள் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.